வாங்கிப் போட்ட பூசணமும் வயலில் இருந்த பூசணமும்

சிவகங்கை மாவட்டம், கல்லல் பக்கத்தில் இரண்டரை ஏக்கர் கரும்பு போடும் ஒரு விவசாயி வீட்டில் வரவு செலவு நோட்டு மனைவியின் பொறுப்பு. சென்ற நடவுக்கு, ஒரு ஏக்கர் கணக்கில், அவர் எழுதி வைத்திருக்கும் பட்டியல் இது: அடியுரமாக சூப்பர் பாஸ்பேட் 3 மூட்டை, கரணை நனைக்க கார்பென்டாசிம், வேர் உட்பூசணம் 5 கிலோ, 45-ஆம் நாள் டிஏபி 2 மூட்டை, 90-ஆம் நாள் 17-17-17 காம்ப்ளக்ஸ் 2 மூட்டை. யூரியாவும் பொட்டாஷும் தனி.

கரும்பு வெட்டி, ஆலைக்கு ஏற்றி, பணமும் வந்த பிறகு அவர் கணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"என்னங்க, அந்த அஞ்சு கிலோ பையால நமக்கு என்ன ஆச்சு?"

கணவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உட்பூசணம் போட்டது ஒரு ஏக்கரில் மட்டும். போடாத ஒன்றரை ஏக்கருக்கும் அதற்கும் தூரிலோ உயரத்திலோ தடிமனிலோ ஒரு வித்தியாசமும் இல்லை. கடைக்காரர் பொய்யான சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பேச்சும் நின்றுவிட்டது.

உட்பூசணம் வாங்கிப் போட்ட பல கரும்பு விவசாயிகளுக்கும் இதே கேள்விதான் இருக்கிறது. சரக்கு சரியில்லாமல் போகவும் வாய்ப்பு உண்டு. ஆனால் இந்த வீட்டைப் பொறுத்தவரை, பதில் அந்த நோட்டுப் பட்டியலிலேயே இருந்தது. ஐந்து கிலோ பையைத் தவிர அதில் உள்ள மற்றவை எல்லாம், ஏதோ ஒரு வகையில், அந்தப் பைக்கு எதிராக வேலை செய்தவை.

வேருக்குள் குடியிருப்பது

வேர் உட்பூசணம், வாம், மைக்கோரைசா என்று மூன்று பெயரில் சொல்லப்படுவது ஒன்றுதான். குப்பைக் குழியிலும் சாண எருவிலும் வெள்ளையாகப் படர்கிறதே, அது இல்லை. இது கண்ணுக்குத் தெரியாது. வேரைக் கழுவி, ரசாயனத்தில் வெளுக்க வைத்து, நீலச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால்தான் வேரின் உள்ளே கிளை கிளையாகப் பிரிந்து கிடப்பது தெரியும்.

மைக்கோரைசா என்ற பெயரை வைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்பர்ட் பிராங்க், 1885-இல். ஆனால் இந்த உறவு மிகப் பழையது. ஸ்காட்லாந்தில் கிடைத்த 40 கோடி ஆண்டுப் பழமையான செடிப் படிவங்களிலேயே இந்தப் பூசணம் இருக்கிறது. செடிகள் தரைக்கு வந்த காலத்திலிருந்தே கூட வருகிற துணை இது.

கொடுக்கல் வாங்கல் கணக்கு எளிது. செடி தயாரிக்கும் சர்க்கரையிலும் கொழுப்பிலும் ஒரு பங்கைப் பூசணத்துக்குக் கொடுக்கிறது. நூற்றுக்கு 4 முதல் 20 பங்கு வரை என்று பல ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. பூசணம் பதிலுக்கு மண்ணிலிருந்து மணிச்சத்தையும், துத்தநாகம், தாமிரம் போன்ற நுண்ணூட்டங்களையும் கொண்டுவந்து கொடுக்கிறது.

இதில் மணிச்சத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? யூரியாவிலிருந்து வரும் தழைச்சத்து தண்ணீரோடு சேர்ந்து வேரைத் தேடி வந்துவிடும். மணிச்சத்து அப்படி வராது. மண்ணில் போட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதை உறிஞ்சி முடித்துவிட்டால், அடுத்த சென்டிமீட்டரில் எவ்வளவு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. பூசணத்தின் இழைகள் வேரிலிருந்து பல சென்டிமீட்டர் வெளியே போய் எடுத்துவரும். வேர்த் தூவியைவிட மெலிந்தவை என்பதால், வேர் நுழைய முடியாத மண் இடுக்கிலும் அவை நுழையும்.

ஒன்றை இங்கே நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பூசணம் மணிச்சத்தை உண்டாக்குவதில்லை. மண்ணில் இருப்பதை எடுத்துக் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

செம்மண் பிடித்து வைத்திருக்கும் சத்து

காரைக்குடி, கல்லல், தேவகோட்டை வட்டாரத்தில் செம்மண்ணும் செம்புரை சரளை மண்ணும் பரவலாக உண்டு. இந்தச் சிவப்புக்குக் காரணம் இரும்பு. இந்த மண் பல இடங்களில் புளிப்புத் தன்மை உடையது. இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைக் கண்ட உடனே இறுகப் பிடித்துக்கொள்ளும். மூட்டை மூட்டையாகப் போட்டாலும், அந்த ஆண்டுப் பயிர் எடுத்துக்கொள்வது போட்டதில் ஒரு சிறு பங்குதான். மீதி மண்ணிலேயே தங்கிவிடுகிறது. ஆண்டுதோறும் இப்படித் தங்குவது சேர்ந்துகொண்டே போகிறது.

நம் விவசாயியின் நோட்டுக் கணக்கைக் கூட்டிப் பார்க்கலாம். சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 சதவீதம். 50 கிலோ மூட்டை மூன்றில் 24 கிலோ. டிஏபியில் 46 சதவீதம். இரண்டு மூட்டையில் 46 கிலோ. 17-17-17 இரண்டு மூட்டையில் 17 கிலோ. மொத்தம் ஏக்கருக்கு 87 கிலோ.

100 டன் கரும்பு மண்ணிலிருந்து எடுப்பது சுமார் 55 கிலோ மணிச்சத்து என்பது நம் நாட்டில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. ஏக்கருக்கு 40 டன் விளைந்தால் 22 கிலோ போகும். போட்டதோ அதைப்போல நான்கு மடங்கு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் பல ஆண்டுகளாக இருந்த அளவு ஹெக்டேருக்கு 62.5 கிலோ, அதாவது ஏக்கருக்கு 25 கிலோ. அடியுரமாகப் போட்ட மூன்று மூட்டை சூப்பர் பாஸ்பேட்டோடு அந்த அளவு ஏறத்தாழ முடிந்துவிட்டது. டிஏபியும் காம்ப்ளக்ஸும் அதற்கு மேல் போனவை.

டிஏபி ஏன் போட்டார்? அதில் உள்ள தழைச்சத்தால் ஒரு வாரத்தில் பயிர் கறுத்து வரும். பார்க்கிறவர்கள் நல்ல உரம் என்பார்கள். அந்தக் கறுப்பு டிஏபியில் உள்ள 18 சதவீதத் தழைச்சத்தின் வேலை. அந்த வேலையை யூரியா குறைந்த செலவில் செய்திருக்கும்.

பசித்த வேர்தான் கூப்பிடும்

இந்த 87 கிலோவுக்கும் உட்பூசணத்துக்கும் என்ன சம்பந்தம்?

மணிச்சத்து போதாத வேர், மண்ணுக்குள் ஒரு வேதிப்பொருளைக் கசிய விடும். ஸ்ட்ரைகோலாக்டோன் என்று பெயர். அது பட்டதும் பக்கத்தில் இருக்கும் உட்பூசணத்தின் இழை பல கிளைகளாகப் பிரிந்து வேரைத் தேடி வரும். இதை 2005-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அந்தப் பொருளை விவசாயிகள் வேறு வழியில் ஏற்கனவே அறிவார்கள். கரும்பிலும் சோளத்திலும் வேரில் ஒட்டி வளரும் சுடுமல்லிக் களையின் விதை, இதே பொருளின் வாடையில்தான் முளைக்கிறது. ஸ்ட்ரைகா என்ற சுடுமல்லியின் பெயரே அதற்கு வந்தது. நோஞ்சான் நிலத்தில் சுடுமல்லி அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும் வேர் இந்தப் பொருளைக் கசிய விடுவதைக் குறைத்துவிடும். வீட்டில் அரிசி நிறைய இருக்கும்போது யார் கடைக்குப் போவார்கள்? பூசணத்துக்குக் கொடுக்கும் சர்க்கரையும் மிச்சம் என்று செடி கதவைச் சாத்திக்கொள்ளும். பூசணம் வேருக்குள் நுழையாவிட்டால் அதற்குச் சாப்பாடு இல்லை. வேரில்லாமல் தனியே பெருகத் தெரியாத உயிர் அது. அதனால்தான் இதை அசோஸ்பைரில்லம்போல வெறும் கரைசலில் பெருக்க முடிவதில்லை. மக்காச்சோளம் போன்ற செடியின் வேரில் வளர்த்து, அந்த வேரையும் ஊடகத்தையும் சேர்த்துத்தான் பையில் அடைக்கிறார்கள். ஆய்வகத்தில் வளர்த்தாலும் உயிருள்ள வேர் கூடவே இருக்க வேண்டும்.

ஆக, ஐந்து கிலோ பையைப் பிரித்துச் சாலில் தூவி, அதன் மேலும் கீழும் மணிச்சத்தைக் கொட்டியது, விருந்தாளியை அழைத்துவிட்டுக் கதவைப் பூட்டியது போலத்தான். பையில் இருந்த பூசணத்துக்கு மட்டும் இல்லை. அந்த மண்ணில் காலங்காலமாக இருந்த பூசணத்துக்கும் இதே கதிதான்.

இன்னொரு செலவும் இதனோடு வருகிறது. சென்ற பயிரில் 4-ஆம் மாதம் இலை நரம்புகளுக்கு நடுவே வெளிர்மஞ்சள் பட்டை ஓடியது. துத்தநாகக் குறைவு என்றார்கள். துத்தநாக சல்பேட் வாங்கி அடித்தார்கள். மணிச்சத்து அளவு மீறினால் துத்தநாகம் செடிக்கு ஏறுவது குறையும் என்பது பழைய பாடம். துத்தநாகத்தை எடுத்துக் கொடுக்கும் பூசணம் வேரில் குறைந்து போவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். காசு கொடுத்து மணிச்சத்தைக் கூட்டி, அதனால் வந்த குறையைத் தீர்க்க மறுபடியும் காசு கொடுத்தாயிற்று.

தழைச்சத்தின் பாதிப்பு மணிச்சத்தைப் போல நேரடியானது இல்லை. மணிச்சத்து குறைவாக உள்ள மண்ணில், அளவான யூரியாவால் பூசணம் பெரிதாகக் கெடுவதில்லை. சொட்டுநீரில் 12-61-0 போன்ற கரையும் உரத்தை வாரா வாரம் விடுகிறவர்கள்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அந்த மணிச்சத்து நேராக வேர் கூட்டத்தின் நடுவே போய் இறங்குகிறது. மண்ணில் ஏற்கனவே போதுமான அளவு இருந்தால் அது தேவைதானா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

நடவில் நடக்கும் மூன்று விஷயங்கள்

உரத்துக்கு அடுத்து நடவு. இதில் முதலாவது, கரணை நேர்த்தி. கார்பென்டாசிம் பூசணக்கொல்லி. கரணை அழுகலை உண்டாக்கும் பூசணத்துக்கும் நன்மை செய்யும் உட்பூசணத்துக்கும் அதற்குப் பேதம் முழுதாகத் தெரியாது. இதே வகையைச் சேர்ந்த பெனோமில் என்ற மருந்தை, வயலில் உட்பூசணத்தை வேண்டுமென்றே ஒடுக்கிப் பார்க்கும் ஆராய்ச்சிகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதற்காகக் கரணை நேர்த்தியை விட்டுவிடச் சொல்ல முடியாது. கரணை அழுகினால் வயலில் பாதி போக்கிடம்தான் மிஞ்சும். செய்யக்கூடாதது, நனைத்த கரணையை ஈரத்தோடு வைத்து அதன் மேலேயே உட்பூசணத்தைத் தூவுவது.

இதற்கு வழி கரும்பின் வேரிலேயே இருக்கிறது. கரணையிலிருந்து முதலில் கிளம்பும் மெல்லிய வேர்கள் கொஞ்ச காலத்துக்குத்தான். முளைத்து வந்த குருத்தின் அடியிலிருந்து பிறகு வருகிற தடித்த வேர்கள்தான் பயிரைக் கடைசி வரை காப்பாற்றும். ஆகவே நடவன்று போடாமல், சுமார் ஒரு மாதம் கழித்து முதல் களை எடுத்து மண் அணைக்கும்போது, தூரை ஒட்டி உட்பூசணம் வைத்தால், மருந்தின் வேகமும் குறைந்திருக்கும். சரியான வேருக்கும் போய்ச் சேரும். அதைச் சத்து உரத்தோடு கலந்து வைக்காமல், மட்கிய எருவோடு கலந்து வைக்க வேண்டும்.

இதைவிடச் சிக்கனமான வழி பருசீவல் நாற்று. நீடித்த நவீன கரும்பு சாகுபடியில் 5 அடிக்கு 2 அடி இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 5,000 நாற்று போதும். 50 குழித்தட்டில் 100 தட்டு. சாலில் வரிசையாகக் கரணை வைக்கும் பழைய முறையில் ஏக்கருக்கு 30,000 இருபரு கரணை தேவைப்படும். ஒரு ஏக்கர் சால் முழுக்கத் தூவ வேண்டிய உட்பூசணம், தட்டில் தென்னை நார்க்கழிவோடு கலந்தால் கொஞ்சம்தான் செலவாகும். 25 முதல் 35 நாள் நாற்று வயலுக்குப் போகும்போது வேரில் பூசணம் ஏறியே போகும். தட்டில் இடும்போதும் மணிச்சத்துக் கரைசல் தெளிக்கக் கூடாது. பருவை மருந்தில் நனைத்திருந்தால் முளை வந்த பிறகு இடுவதே நல்லது.

இரண்டாவது, உழவு. உட்பூசணத்தின் இழைகள் மண்ணுக்குள் வலைபோலப் பின்னிக் கிடப்பவை. ஒவ்வொரு உழவிலும் அந்த வலை அறுகிறது. ரோட்டவேட்டர் ஓட்டினால் துண்டு துண்டாகிறது. கரும்பு நடவுக்கு ஆழ உழவு தேவைதான். ஆனால் மறுதாம்பில் அந்தத் தேவை குறைவு. கட்டை சீவி, பாரை இரு பக்கமும் உடைத்துவிட்டு, நடு இடத்தைத் தொடாமல் விட்டால், பழைய வேர்களிலும் அவற்றைச் சுற்றியும் இருக்கும் வலையில் பெரும்பகுதி பிழைத்திருக்கும். புதுக் குருத்தின் வேர் கிளம்பியதும் அதில் போய்ச் சேர்ந்துவிடும். எந்தப் பையும் வாங்காமல் கிடைக்கும் உட்பூசணம் இது.

மூன்றாவது, வெறும் நிலமும் தீயும். கோடையில் சோகைக்குத் தீ வைத்துவிட்டு, நாலைந்து மாதம் நிலத்தைக் காய விடுவது இந்தப் பக்கத்தில் சகஜம். தீ மேல்மண்ணைச் சுடும். அதைவிட, உயிருள்ள வேரே இல்லாத மாதங்கள் பூசணத்துக்குப் பட்டினி மாதங்கள். வித்துகளாக அது தாக்குப் பிடிக்கும், ஆனால் நாளாக ஆகக் குறைந்துகொண்டே போகும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பக்கத்துக் கரிசல் நிலங்களில், ஓராண்டுக்கும் மேல் நிலத்தைச் சுத்தமாகக் காயப் போட்ட பிறகு விதைத்த பயிர்கள் காரணம் தெரியாமல் சோர்ந்து நின்றன. மணிச்சத்துக்கும் துத்தநாகத்துக்கும் ஏங்கின. உட்பூசணம் அழிந்து போனதே காரணம் என்று அங்குள்ள தாம்சன் என்ற விஞ்ஞானி 1987-இல் எழுதினார்.

இடையில் பயிர் போடும்போதும் எந்தப் பயிர் என்று பார்க்க வேண்டும். உளுந்து, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, சணப்பை, தக்கைப்பூண்டு, மக்காச்சோளம் எல்லாம் உட்பூசணத்துக்கு இடம் கொடுப்பவை. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் குடும்பமும், பீட்ரூட், தண்டுக்கீரை வகைகளும் இடம் கொடுக்காதவை அல்லது மிகக் குறைவாகக் கொடுப்பவை. கண்மாய்ப் பாசனத்தில் நெல்லுக்குத் தண்ணீர் கட்டி நிறுத்திய வயலில், அடுத்துக் கரும்பு வைத்தால், முதல் சில மாதம் உட்பூசணம் குறைவாகவே இருக்கும். அப்படிப்பட்ட வயலில்தான் வாங்கிப் போடுவதற்குக் கொஞ்சம் அர்த்தம் உண்டு.

இதைக் கணவர் வீட்டில் வந்து சொன்னபோது, திண்ணையில் இருந்த அவரது தாயார் சொன்னாராம்: "ஏண்டா, உங்க அய்யா காலத்துல கரும்புக்கு ஊடால உளுந்து போடாம இருந்திருக்கமா? களைக்கொல்லி வந்தப்பறந்தான் அத விட்டீக."

குயின்ஸ்லாந்துக்காரர்கள் பட்ட பாடு

ஒரே நிலத்தில் ஆண்டுக்கணக்கில் கரும்பையே போட்டால் விளைச்சல் படிப்படியாகக் குறையும். ஆஸ்திரேலியாவின் கரும்புப் பகுதிகளில் இது பெரிய பிரச்சினையாகி, 1993-இல் ஆராய்ச்சி நிறுவனங்கள் கூட்டாக ஒரு திட்டத்தைத் தொடங்கின. பத்தாண்டுக்கும் மேல் ஆராய்ந்து அவர்கள் சொன்ன காரணங்கள் மூன்று: மாற்றுப் பயிர் இல்லாமல் தொடர்ந்து கரும்பு, கனரக இயந்திரங்களால் மண் இறுகுதல், அளவுக்கு மீறிய உழவு. இவற்றால் வேரைத் தின்னும் நூற்புழுவும் கெட்ட பூசணங்களும் பெருகி, மண்ணின் உயிர்ச் சமநிலை குலைந்துவிட்டது என்றார்கள். தீர்வாக அவர்கள் சொன்னது, இடையே ஒரு பயறு வகைப் பயிர், சோகையை எரிக்காமல் பரப்புதல், உழவைக் குறைத்தல், வண்டி ஓடும் தடத்தைத் தனியாக வைத்தல்.

அவர்களுடைய தீர்வுப் பட்டியலில் பையில் அடைத்த பூசணத்துக்கு முதலிடம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மண்ணில் இருக்கும் உயிர்களை வாழ விடுவதுதான் அங்கே வழியாக இருந்தது.

பிரேசிலில் இருந்து வந்த ஒரு தகவலும் இங்கே பொருந்தும். கரும்புத் தட்டைக்குள் வாழ்ந்து காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்தும் ஒரு பாக்டீரியாவை டோபரைனர் என்ற பெண் விஞ்ஞானியின் குழு 1988-இல் விவரித்தது. நம் ஊரில் குளுக்கோனசெட்டோபாக்டர் என்ற பெயரில் உயிர் உரமாகக் கிடைப்பது அதுதான். அந்தப் பாக்டீரியா உட்பூசணத்தின் வித்துகளோடு சேர்ந்து கரும்புக்குள் நுழைவதை அதே ஆய்வாளர்கள் 1991-இல் காட்டினார்கள். உட்பூசணம் குறைந்த மண்ணில் இந்த வழி அடைபட வாய்ப்பிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை

இவ்வளவு சொன்ன பிறகு, சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. கரும்புக்குச் சல்லி வேர் நிறைய. வெங்காயம், பயறு, எலுமிச்சை போல அது உட்பூசணத்தையே நம்பி இருக்கும் பயிர் இல்லை. மணிச்சத்து தேவைக்கு மேல் இருக்கும் வயலில் உட்பூசணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரும்பு விளையும். அங்கே ஐந்து கிலோ பை வாங்குவது வீண். மணிச்சத்து மிகக் குறைந்த வயலில் உரமே போடாமல் பூசணத்தை மட்டும் நம்பினால் அதுவும் ஆகாது. அங்கே அளவாக மணிச்சத்து போட்டே ஆக வேண்டும். புளிப்பு மண்ணாக இருந்தால் ராஜ்பாஸ் போன்ற பாறைப் பாஸ்பேட் மெதுவாகக் கரைந்து கொடுக்கும். பாஸ்போபாக்டீரியாவும் கைகொடுக்கும். ஆலையிலிருந்து வரும் பிரஸ்மட்டிலும் மணிச்சத்து உண்டு என்பதால், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்படியானால் எந்த வயல் எந்த வகை என்று எப்படித் தெரியும்? மண் பரிசோதனை ஒன்றுதான் வழி. தமிழ்நாட்டில் பழகிய அளவுகோலின்படி, கிடைக்கும் மணிச்சத்து ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு, 11 முதல் 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். சிவகங்கை மாவட்ட விவசாயிகள் குன்றக்குடியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ பக்கத்து மண் பரிசோதனை நிலையத்தையோ விசாரிக்கலாம்.

கல்லல் பக்கத்து வீட்டில் மனைவிதான் மண் எடுத்துக் கொடுக்கச் சொல்லி வற்புறுத்தினார். அட்டையில் மணிச்சத்துக்கு நேரே 'அதிகம்' என்று வந்தது.

அதற்குப் பிறகுதான் வீட்டில் உண்மையான வாக்குவாதம். மூட்டை 1,350 ரூபாய் வீதம், இரண்டரை ஏக்கருக்கு ஐந்து மூட்டை டிஏபி, 6,750 ரூபாய். காம்ப்ளக்ஸ் அதற்கு மேல். மகளுக்குக் கல்லூரியில் அடுத்த கட்டணம் கட்ட வேண்டிய மாதமும் அதுதான். நிறுத்திவிடலாம் என்றார் மனைவி. கணவருக்குத் துணிவு வரவில்லை. பன்னிரண்டு ஆண்டாகப் போட்டு வந்ததை ஒரே நாளில் நிறுத்தி, எடை குறைந்தால்? கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடன் இருக்கிறது. ஆலை டன் கணக்கில்தான் காசு கொடுக்கும். மண்ணில் பூசணம் நன்றாக இருக்கிறது என்று யாரும் காசு தரப்போவதில்லை.

"பயிர் வெளிறிப் போய் நின்னா, ரோட்டுல போறவன் எல்லாம் கேப்பான்," என்றார்.

"கேக்குறவன் கடன் கட்டுவானா?" என்றார் மனைவி. பிறகு அவரே இறங்கி வந்தார். "முழுசா வேணாங்க. அரை ஏக்கர்ல நிறுத்திப் பாப்போம். தழைச்சத்துக்கு யூரியாவக் கணக்குப் பண்ணிப் போட்டுக்குவோம். எட போடும்போது தனியா ஏத்துவோம்."

அப்படித்தான் முடிவானது. இப்போது அந்த வயலில் மறுதாம்பு நிற்கிறது. அரை ஏக்கரில் டிஏபியும் காம்ப்ளக்ஸும் இல்லை. சோகையை எரிக்காமல் ஒரு சால் விட்டு ஒரு சாலில் பரப்பியிருக்கிறார்கள். ஏக்கருக்கு மூன்று நான்கு டன் சோகை, மண்ணில் ஈரத்தையும் காக்கும். ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்யும் மாவட்டத்தில், 1,800 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் கேட்கும் பயிரை வைத்திருப்பவருக்கு ஈரம் சின்ன விஷயம் இல்லை. சோகை பரப்பாத சாலில் உளுந்து நிற்கிறது. ஐந்து கிலோ பை இந்த முறை வாங்கவில்லை. பக்கத்திலேயே மீதி இரண்டு ஏக்கர் பழைய முறையில் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக வெட்டி எடை போட்ட பிறகுதான் எது சரி என்று அந்தக் குடும்பம் சொல்லும்.

இதைச் செய்து பார்க்க நினைக்கும் மற்றவர்களுக்கு வரிசை இதுதான். முதலில் மண் பரிசோதனை. மணிச்சத்து அதிகம் என்றால் டிஏபியையும் காம்ப்ளக்ஸையும் நிறுத்தி, தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் தனித்தனி உரமாகக் கொடுப்பது. உட்பூசணமும் வாங்க வேண்டாம். குறைவு அல்லது நடுத்தரம் என்றால் பரிந்துரைத்த மணிச்சத்தை அடியுரமாக மட்டும் கொடுத்து, நெல்லுக்குப் பின்னோ நீண்ட நாள் காய்ந்து கிடந்த நிலத்திலோ நடும்போது, நாற்றுத் தட்டில் உட்பூசணம் கலப்பது. வாங்கும்போது பையில் காலாவதித் தேதியையும் உயிருள்ள வித்துகளின் எண்ணிக்கையையும் பார்ப்பது, வெயிலில் வைக்காமல் இருப்பது. எந்த வயலானாலும் சோகைக்குத் தீ வைக்காமல், மறுதாம்பில் உழவைக் குறைத்து, நடுவே ஒரு பயறு போடுவது. எதைச் செய்தாலும் அரை ஏக்கரில் செய்து, பக்கத்தில் பழைய முறையையும் வைத்து, இரண்டையும் தனியாக எடை போடுவது.